முட்டிக்குக் கீழே இரண்டு விரல்

முகத்துக்கு நேரே எல்லோரும் அவளை ‘அக்கா’ என்பார்கள். நாலு அடி தள்ளிப் போனதும் ‘அடாவடி’ என்பார்கள். இரண்டும் அவளுக்குத் தெரியும். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள், திரும்பிப் பார்த்தால் கூப்பிட்டவர்கள்தான் பாவம்.

டைல்ஸ் பதிப்பது அவள் தொழில். பத்தொன்பது வயதில் கலவை சுமக்கும் சித்தாளாகத்தான் வந்தாள். ஒருநாள் ஒரு கொத்தனார் காண்ட்ராக்டரோடு மல்லுக்கு நின்று, பாதித் தரையில் கரண்டியை வீசிவிட்டுப் போய்விட்டார். கலவையோ இறுகிக்கொண்டிருந்தது. இவள் தலையிலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள், குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், மீதித் தரையை முடித்துவிட்டாள். காண்ட்ராக்டர் வந்து தாம்தூம் என்று குதித்தார். “யாரைக் கேட்டு உக்காந்த?” என்றார். “கலவையைக் கேட்டு” என்றாள். அவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. இன்னொரு மூலையில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் நடுவில்தான் நின்றது. அன்றிலிருந்து அவள் சட்டி தூக்கவில்லை.

இதெல்லாம் நடந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. இப்போது அவளுக்குக் கீழே ஏழு பேர் வேலை செய்கிறார்கள், அத்தனை பேரும் ஆண்கள். ஆரம்பத்தில் “பொம்பளைகிட்டயா” என்று இழுத்தவர்கள்தான். இழுத்தவர்களை அவள் சமாதானம் செய்ததில்லை. அவர்கள் பதித்த கல்லை அவர்கள் கண்ணெதிரே பெயர்த்துப் போட்டு மறுபடி பதிக்கச் சொன்னாள், அவ்வளவுதான். அவளோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர்கள் என்று யாரையும் காட்ட முடியாது. அவளுடைய கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். “சிக்னல்ல நிக்காத பஸ்ஸைக்கூட நிறுத்திடுவேன், இவளை நிறுத்த முடியாது” என்பார். பெருமையாகத்தான் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவளைக் கடைசியில் அவளுடைய இடது பாதம் எதிர்த்தது.

முதலில் செருப்பு கழன்று விழுந்தது. செருப்பைத் திட்டிவிட்டு வேறு வாங்கினாள். அதுவும் கழன்றது. நாலைந்து நாளில் பாதம் நடக்கும்போது தரையில் சப்பென்று அறைய ஆரம்பித்தது. குதிகால் வைத்ததும் முன்பாதம் சொன்னபடி மெதுவாக இறங்காமல், கயிறு அறுந்த மாதிரி தொப்பென்று விழுந்தது. விரல்களை மேலே தூக்கப் பார்த்தாள், அவை இருந்த இடத்திலேயே இருந்தன. பாதத்தின் மேல்பக்கமும் கெண்டைக்காலின் வெளிப்பக்கமும் மரத்துக் கிடந்தன. விரல் தடுக்கக் கூடாதென்று முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள். யாராவது பார்த்தால் தண்ணீர் தேங்கியிருப்பதைத் தாண்டுகிற மாதிரி பாவனை செய்தாள். அவளா ஒத்துக்கொள்வாள்?

மூன்றாவது வாரம் கல் பெட்டியோடு மாடிப்படியில் ஏறும்போது கட்டைவிரல் படி விளிம்பில் தட்டிக் குப்புற விழுந்தாள். உதடு கிழிந்தது, பெட்டியில் பாதிக் கல் நொறுங்கியது. கல் நொறுங்கியதற்குத்தான் அதிகம் வருந்தினாள். கணவர் அன்றைக்குப் பேருந்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, அவளை எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனார்.

எலும்பு டாக்டருக்கு ஊரில் நல்ல பேர். கூட்டமும் அதற்கேற்றாற்போல்தான். அவர் அக்காவின் காலைப் பார்த்தது ஒரு நிமிடம், எடுத்துவரச் சொன்ன ஸ்கேன் படத்தைப் பார்த்தது ஐந்து நிமிடம். படத்தை விளக்கு வெளிச்சத்தில் மாட்டி, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் பேனாவால் காட்டினார்.

“இங்க பாருங்கம்மா, ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற தட்டு பிதுங்கியிருக்கு. அதுதான் காலுக்குப் போற நரம்பை அழுத்துது. பாதம் விழுந்துடுச்சு, இனிமே மாத்திரையில நேரம் வீணாக்க வேண்டாம். வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன் பண்ணிடலாம்.”

“எனக்கு முதுகு வலிக்கவே இல்லையே டாக்டர்?”

“சில பேருக்கு வலிக்காது.”

அடுத்த நோயாளி அதற்குள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் விடுப்பு எழுதிக்கொடுக்க ஆயத்தமானார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து தன் காலையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பதித்த தரை காய்ந்ததும் கரண்டியின் மரப்பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். அடியில் கலவை நிறைந்த கல் ‘டக்’ என்று சுருக்கமாகச் சொல்லும். அடியில் வெற்றிடம் இருக்கும் கல் ‘டொங்’ என்று நீட்டி முழக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எனவே கண்ணை நம்பாமல் தட்டிப் பார்க்க வேண்டும்.

பையிலிருந்து கரண்டியை எடுத்தாள். இடுப்பெலும்பில் ஆரம்பித்தாள். தட்டினாள், ஒன்றுமில்லை. பிட்டத்தில் தட்டினாள், தொடையின் பின்பக்கம் தட்டினாள், ஒன்றுமில்லை. அறைக்கு வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“தரை போதலையா? உன்னையே செக் பண்ண ஆரம்பிச்சுட்டியா?”

“சும்மா இருங்க.”

முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஓர் எலும்பு முண்டு இருக்கிறதல்லவா, அதற்குச் சற்றுக் கீழே தட்டினாள். அவ்வளவுதான், மின்சாரக் கம்பியைத் தொட்ட மாதிரி ஒரு வெட்டு, பாதத்தின் மேல்பக்கம் வரை ஓடியது. ‘ஆ’ என்று அலறிவிட்டாள். பயந்து ஓடிவந்த கணவரிடம், கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“கிடைச்சுடுச்சுங்க! இங்கதான் இருக்கு. முட்டிக்குக் கீழ ரெண்டு விரல்.”

வலது காலிலும் அதே இடத்தில் தட்டிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் ஓடவில்லை. பால்பாயிண்ட் பேனாவால் இடது காலில் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டாள். மறுநாள் எலும்பு டாக்டர் அறையில், டோக்கன் வாங்காமல், அந்த வட்டத்தோடு போய் நின்றாள். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“தட்டினா வலிக்கத்தாம்மா செய்யும். நீங்க டைல்ஸ் வேலையைப் பாருங்க, நான் என் வேலையைப் பாக்கறேன்.”

“டாக்டர், ஒரு தரையில கல்லு உப்பியிருந்தா, உப்பின கல்லைத்தான் பேத்து எடுப்பேன். பக்கத்து ரூமை இடிக்க மாட்டேன்.”

வெளியே காத்திருந்தவர்கள் வரை கேட்டது. டாக்டரின் முகம் சிவந்தது. “வியாழக்கிழமை வரலைன்னா அப்புறம் அந்தப் பாதம் எழுந்திருக்காது. என்கிட்ட வந்து அழக் கூடாது” என்றார். அக்கா ஸ்கேன் படத்தைக் கேட்டு வாங்கி, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாதம் சப்சப்பென்று தரையை அறைய வெளியே நடந்தாள்.

பயமில்லாமல் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். ‘எழுந்திருக்காது’ என்ற சொல் வீடு வரை கூடவே வந்தது. விழுந்த பாதத்தோடு குத்துக்காலிட்டு எழ முடியாது. எழ முடியாதவளுக்குத் தரையில் வேலை இல்லை. மறுபடி யாராவது அவள் தலையில் சட்டியை ஏற்றுவார்கள், அதுவும் முடியாவிட்டால் வீட்டில் உட்காரச் சொல்வார்கள். இருபத்தேழு வருடமாக அவள் எதையெல்லாம் மறுத்தாளோ அதெல்லாம் அந்த ஒரு பாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கணவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். “படிச்சவர் சொல்றாரு. ஒரு கரண்டியை வச்சுக்கிட்டு அவரோட சண்டைக்குப் போறியே! நாளைக்கு நிஜமாவே கால் போயிட்டா?”

“போனா என் காலுதான போகும்? கத்தி வைக்கிறதா இருந்தா நோவு இருக்கிற இடத்துல வைக்கட்டும்.”

அவள் வேறொரு டாக்டரைப் பார்த்தே தீருவதென்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்போது அவளிடம் நல்ல நிலையில் இருந்ததும் ஒரு கால்தான். வியாழக்கிழமை காலை கணவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, “எங்க போகணும்னு சொல்லு” என்று மட்டும் கேட்டார். நகரத்தின் மறுகோடியில் அரசுப் பெரிய ஆஸ்பத்திரியின் நரம்புப் பிரிவு இருந்தது. ஆறரை மணிக்கே வரிசையில் நின்றார்கள்.

நரம்பு டாக்டர் ஓர் அம்மாள். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, அதை மேஜை முழுக்கத் தேடுகிற ரகம். ஸ்கேன் படத்தை அவர் வாங்கவே இல்லை. “அது எங்கயும் ஓடிடாது. முதல்ல காலைத் தொங்கப் போட்டு உக்காருங்க” என்றார்.

பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். முடியவில்லை. வெளிப்பக்கமாகத் திருப்பச் சொன்னார். அதுவும் முடியவில்லை. பிறகு தன் உள்ளங்கையைப் பாதத்தின் உள்பக்கம் வைத்து, “என் கையைத் தள்ளுங்க பார்ப்போம்” என்றார். அக்கா தள்ளிய தள்ளில் டாக்டரின் நாற்காலியே ஓரடி நகர்ந்தது.

“பலே!” என்றார் டாக்டர், கோபமே இல்லாமல். “முதுகுல நரம்பு நசுங்கியிருந்தா, மேல தூக்கறதோட சேர்ந்து இப்படி உள்பக்கம் திருப்பறதும் பலவீனமாகியிருக்கும். உங்களுக்கு அது இரும்பு மாதிரி இருக்கு. அப்ப கோளாறு கீழ எங்கயோ.” அவர் விரல்கள் முழங்காலின் வெளிப்பக்கம் தடவிக்கொண்டே போய், அழிந்தும் அழியாமலும் இருந்த பேனா வட்டத்தில் நின்றன. “இது யார் போட்டது?”

“நான்தான் டாக்டர். தட்டிப் பாத்தேன்.”

டாக்டர் நெற்றியிலிருந்த கண்ணாடியை ஒருவழியாகக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு, அவளை நிமிர்ந்து பார்த்தார். “நாங்களும் இப்படித் தட்டித்தாம்மா பார்ப்போம்” என்றார். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அடுத்த அறையில் ஓர் இயந்திரம் இருந்தது. பாதத்தின் மேல் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி, கணுக்காலருகே சுண்டிவிட்ட மாதிரி மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். திரையில் ஓர் அலை நிமிர்ந்து எழுந்தது. எலும்பு முண்டுக்குக் கீழே கொடுத்தார்கள், அப்போதும் எழுந்தது. முண்டுக்கு மேலே, முழங்காலின் பின்பக்கம் கொடுத்தார்கள். அலை ஒரு மேடு அளவுக்குக்கூட வரவில்லை. பிறகு மெல்லிய ஊசியைக் கெண்டைக்கால், தொடை, முதுகுத் தசைகளில் குத்தி அவற்றின் சத்தத்தைக் கேட்டார்கள். முதுகுத் தசைகளில் வம்பு ஒன்றும் இல்லை.

“முட்டிக்கு வெளிப்பக்கம் அந்த எலும்பைச் சுத்திக்கிட்டு ஒரு நரம்பு தோலுக்கு அடியிலேயே போகுது. அதுதான் நசுங்கியிருக்கு” என்றார் டாக்டர். “வயருக்கு மேல உறை இருக்கும்ல? உங்களுக்குப் பெரும்பாலும் உறைதான் நசுங்கியிருக்கு, உள்ள கம்பி அறுந்து போகலை. அதனால ஆபரேஷன்னு உடனே குதிக்க வேண்டாம். பாதம் தொங்காம இருக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி தர்றேன், செருப்புக்குள்ள போட்டுக்கலாம். குத்துக்கால் போட்டு உக்காரக் கூடாது, கால் மேல கால் போடக் கூடாது. பயிற்சி சொல்லித் தருவாங்க. மூணு மாசத்துல வரலைன்னா, அந்த இடத்துல சின்னதா திறந்து நரம்பை அழுத்தற தசை நாரை வெட்டி விட்டுடலாம்.”

“அப்ப முதுகுல பிதுங்கியிருக்கிற தட்டு?” என்று கணவர் கேட்டார்.

“உங்க முதுகையும் படம் எடுத்தா ஒண்ணு பிதுங்கியிருக்கும். படத்துல தெரியறதெல்லாம் வியாதி இல்ல.”

அவசரக்காரர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அவள் பாதம் பதினோராவது வாரம் எழுந்தது, கத்தி படாமலே. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அன்றைக்கு அவள் ஜெயித்துவிட்டாள், ஜெயித்த சூட்டிலேயே ஒரு கேள்வி வந்து விழுந்தது.

“குத்துக்கால் இருபத்தேழு வருஷமா போடறேன்னு சொல்றீங்க. இப்ப மட்டும் ஏன்?” என்று கேட்டபடி டாக்டர் காலை விளக்குக்குக் கீழே திருப்பினார். முட்டிக்குக் கீழே, வட்டம் போட்ட இடத்தின் மேலேயே, விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு தடம் சுற்றி ஓடியது. “இது என்ன?”

“அது முட்டி மெத்தையோட பட்டை டாக்டர்” என்றாள் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே. தரையில் மண்டியிடும்போது முட்டியில் கட்டிக்கொள்ளக் கடையில் விற்கும் மெத்தைகள் வேலை நடுவில் வழுக்கிக் கணுக்காலுக்கு இறங்கிவிடும். அதனால் அவளே பழைய டியூபை வெட்டிப் பட்டையாக்கி மெத்தையில் தைத்துவிடுவாள். ஸ்கூட்டர் டியூப் நீண்டு தளர்ந்துபோகிறதென்று, இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் லாரி டியூபுக்கு மாற்றியிருந்தாள். “நல்லா இழுத்துக் கட்டினா சாயந்திரம் வரைக்கும் இம்மிகூட நகராது.”

டாக்டர் அந்தத் தடத்தையும் வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இல்ல டாக்டர்” என்றாள் அக்கா. “அது காலைக் காப்பாத்தறதுக்கு.”

“முட்டியைக் காப்பாத்துது. நரம்பை நெரிக்குது.”

“அதெப்படி? வலது கால்லயும்தான கட்டறேன்?”

“இடது காலை மடக்கி அது மேல உக்காருவீங்களா?”

உட்காருவாள். எப்போதும் இடது காலை மடக்கித்தான் உட்காருவாள். இருந்தும் விடாமல் இன்னும் ஐந்து நிமிடம் வாதாடினாள். ரப்பர் என்றாள், மிருதுவானது என்றாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றாள். கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையில் அவளே தடுக்கி நின்றாள். ஏனென்றால் அந்த மெத்தை எட்டு ஜோடி இருந்தது. ஒன்று அவளுடையது. மற்ற ஏழையும் அவளே தைத்து, அவளே கையால் இழுத்துக் கட்டிக் காட்டியிருந்தாள்.

திரும்பி வரும்போது கணவர், “எலும்பு டாக்டரை மண்ணைக் கவ்வ வச்சுட்டியே!” என்று குதூகலித்தார். அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் காண்ட்ராக்டர் பார்க்க வந்தார். முன்பு தாம்தூம் என்று குதித்த அதே ஆள்தான், இப்போது தலை நரைத்துவிட்டது. புதிய பேருந்து நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் அவள் பதித்த தரை பாதியில் நின்றது, திறப்பு நாள் குறித்தாகிவிட்டது. விஷயத்தைக் கேட்டவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இங்க பாரும்மா. பட்டையைப் பத்தி வாயே திறக்காத. முதுகுத் தட்டுன்னே சொல்லிடு. ஏழு பேரும் பயந்து காலைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினா என் தரை என்ன ஆகும்? உன் பேர் என்ன ஆகும்? அக்கா சொன்னா சரியா இருக்கும்னு நம்பற பசங்க அவங்க. புதுப் பட்டை வேணும்னா அப்புறமா சத்தமில்லாம மாத்திக்கலாம்.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவள் பதித்த கல்லை இருபத்தேழு வருடமாக யாரும் பெயர்த்ததில்லை. தன் வாயாலேயே தன்னைப் பெயர்த்துப் போடுவதா? வேண்டாத ஒருத்தன் போதும், ‘பொம்பளைகிட்டயா’ என்ற பழைய இழுவை மறுபடி ஆரம்பித்துவிடும். இதெல்லாம் அவள் மனதில் ஓடியது. ஓடி முடிந்ததும், “தாங்கி போட்டுக்கிட்டு நாளைக்கு வர்றேன்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை தேநீர் இடைவேளையில் கூடத்துக்குள் வந்தாள். செருப்புக்குள் வெள்ளை பிளாஸ்டிக் தாங்கி தெரிந்தது. ஏழு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எலும்பு டாக்டர் கதை அதற்குள் பரவியிருந்தது. “பக்கத்து ரூமை இடிக்க மாட்டேன்னு சொன்னீங்களாமே அக்கா!” என்று ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“சிரிச்சது போதும். எல்லாரும் மெத்தையைக் கழட்டுங்க.”

யாரும் அசையவில்லை.

“என் பாதம் விழுந்தது முதுகால இல்ல. நான் தைச்ச பட்டையால. லாரி டியூபுக்கு மாத்தினது என் புத்தி, இழுத்துக் கட்டச் சொன்னதும் என் புத்தி. தப்பு என்னோடது. கழட்டுங்க.”

“என்னக்கா நீங்க? டாக்டரையே மடக்கினவங்க நீங்க, உங்க பட்டை தப்பா போகுமா?” என்றார் சிரித்தவர்.

“டாக்டர்கிட்ட நான் சொன்னது சரி. உங்ககிட்ட நான் செஞ்சது தப்பு. ரெண்டும் நான்தான்.”

ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். ஆறு ஜோடிக் கால்களிலும் அதே கறுப்புத் தடம் இருந்தது. கடைசியில் சுவரோரம் நின்ற நெட்டை மட்டும் குனியவில்லை. கல் இடுக்குகளுக்குப் பூச்சு போடுபவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், உயரத்தால் அந்தப் பேர் வந்தது. குத்துக்காலிட்டால் எல்லோரையும்விட அதிகம் மடங்குவதும் அவருடைய கால்தான்.

“உனக்குத் தனியா சொல்லணுமா?”

“அக்கா” என்றார் நெட்டை, தரையைப் பார்த்தபடி. “எனக்கு வலது கால் கட்டைவிரல் ஒரு மாசமா தூக்க வரலை.”

அக்கா அவர் காலைப் பார்த்தாள். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். கழன்று விழாத பூட்ஸ். அவள் புதுச் செருப்பு வாங்கிய மாதிரியே அவரும் வாங்கியிருக்கிறார்.

“ஒரு மாசமாவா? ஏன்டா எங்கிட்ட சொல்லலை?”

“நீங்கதான சொல்லுவீங்க, வலிக்குதுன்னா வீட்டுல போய்ப் படு, தரைக்கு வலி தெரியாதுன்னு. சட்டி தூக்க அனுப்பிடுவீங்களோன்னு பயந்துட்டேன்.”

அவமானமாக இருந்தது. எலும்பு டாக்டர் அவளை எட்டிக்கூடப் பார்க்காதபோது வந்த அதே எரிச்சல் இப்போது அவள்மேலேயே வந்தது. நெட்டையும் அவளிடம் ஒரு நோவோடு வந்திருக்க வேண்டியவர்தானே? யாருக்குப் பயந்து வரவில்லை?

காண்ட்ராக்டர் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். “என்ன கூட்டம் இங்க? வேலையைப் பாருங்க!”

“இன்னைக்கு வேலை இல்ல” என்றாள் அக்கா. “நாளைக்குக் காலையிலயும் இல்ல.”

“திறப்பு விழாவுக்கு யார் பதில் சொல்றது?”

“நான் சொல்றேன். தரையைத் தள்ளிப் போடலாம், இவன் கால் விரலைத் தள்ளிப் போட முடியாது. அவசரம்னா நீங்களே உக்காந்து பதிங்க, ரசமட்டம் அந்தப் பையில இருக்கு.”

அவர் கத்தினார். அவளும் கத்தினாள். வழக்கம்போல யார் ஓய்ந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் ஆறரை மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரி நரம்புப் பிரிவின் வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள். நெட்டையின் தோளை ஒரு கையால் பற்றியபடி அக்கா முன்னால் நின்றாள். உள்ளே போனதும் ஏழு ஆண்களையும் பேன்ட்டை முட்டிவரை சுருட்டச் சொன்னாள். நரம்பு டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்தக் கால்களின் வரிசையைப் பார்த்துத் திகைத்தார்.

“யாரும்மா இவங்கள்ளாம்?”

“நான் கட்டிவிட்ட காலுங்க டாக்டர்” என்றாள் அக்கா. “ஒண்ணு விடாமப் பாருங்க. பாத்து முடிக்கிற வரைக்கும் நாங்க இங்கேருந்து நகர மாட்டோம்.”